சார்லி எங்கிருந்து வந்தாள்?

'777 சார்லி' படத்தை இரண்டாவது தடவை பார்க்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. வராததால்தான் சில விஷயங்களைக் கவனிக்க முடிந்தது. 2022 ஜூனில் தமிழ் டப்பிங்கில் பார்த்தபோது கடைசி அரைமணி நேரம் திரையே மங்கலாகத்தான் தெரிந்தது. அப்போது கர்நாடக முதல்வராக இருந்த பசவராஜ் பொம்மை படம் பார்த்துவிட்டு கேமரா முன்னாலேயே அழுதார். அந்த மாநிலத்தில் வரிவிலக்கு கிடைத்தது. சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருதும் வந்தது. இப்படி எல்லாரையும் அழவைத்த படத்தைக் குறை சொல்ல உட்காருவது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் நாய் வாங்கலாமா, தத்தெடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் பலரும் பேச்சை இந்தப் படத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். "சார்லி மாதிரி ஒண்ணு வேணும்" என்கிறார்கள். சார்லி மாதிரி என்றால் அவர்கள் மனதில் இருப்பது லேப்ரடார்.

கதை தெரியாதவர்களுக்காக: தர்மா (ரக்‌ஷித் ஷெட்டி) குடும்பத்தை விபத்தில் பறிகொடுத்த, யாரோடும் ஒட்டாத ஆள். வேலை, வீடு, பீர், சிகரெட், டிவியில் சார்லி சாப்ளின், அவ்வளவுதான் அவன் உலகம். சட்டவிரோதமாக நாய் வளர்த்து விற்கிற ஒரு பிரீடரின் கொடுமையிலிருந்து தப்பித்து வந்த பெண் லேப்ரடார் ஒன்று அவனிடம் ஒட்டிக்கொள்கிறது. முதலில் துரத்துகிறான். பிறகு அவளில்லாமல் இருக்க முடியாமல் போகிறது. அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், டிவியில் பனியைப் பார்த்தாலே துள்ளுகிறவளை நிஜமான பனிக்குக் கூட்டிக்கொண்டு பைக்கில் கிளம்புகிறான். இயக்குநர் கிரண்ராஜுக்கு இது முதல் படம். பிரீடர் என்கிற தொழிலின் இருட்டான பக்கத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய வேறு இந்தியப் படம் எனக்கு நினைவில்லை. அந்தப் பாராட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி எனக்கு உறுத்துகிற இடம். சார்லிக்கு வருவது ஹீமாஞ்சியோசார்கோமா. ரத்தக்குழாய்ச் சுவரில் தொடங்குகிற புற்றுநோய், பெரும்பாலும் மண்ணீரலில். கட்டி வெடித்து உள்ளே ரத்தம் கசிகிற வரை வெளியே ஒன்றுமே தெரியாது. நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே அந்த பிரீடர் இணைசேர்த்ததால்தான் இந்த நோய் என்று படம் சொல்கிறது. சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரிந்துவிடும். ஆனால் நிஜம் இன்னும் சங்கடமானது. இந்த நோய் ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லேப்ரடார் ஆகிய இனங்களில் மற்ற நாய்களைவிட அதிகம். நல்ல பெயரெடுத்தவரிடம், கென்னல் கிளப் பேப்பரோடு, கேட்ட விலை கொடுத்து வாங்கிய லேப்ரடாருக்கும் வரலாம். ஒரு இனம் இனமாக நிற்பதே வெளி ரத்தம் கலக்காமல் பார்த்துக்கொள்வதால்தான். அந்தக் கதவைச் சாத்தியது படத்தில் வருகிற அந்த ஒரு ஆள் இல்லை. படம் மொத்தப் பழியையும் அவன் தலையில் போட்டுவிட்டு, லேப்ரடார் என்கிற ஏற்பாட்டை அப்பழுக்கில்லாமல் வெளியே அனுப்பிவிடுகிறது. பார்க்கிறவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற பாடம் என்ன? கெட்ட பிரீடரிடம் வாங்காதே. வாங்கவே வேண்டுமா என்கிற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இது என் கற்பனை பயம் இல்லை, ஆராய்ச்சியே இருக்கிறது. கிர்லாண்டா, அசெர்பி, ஹெர்ஸோக் என்று மூன்று பேர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: அமெரிக்கப் படங்களில் வந்த நாய்களையும், அங்குள்ள கென்னல் கிளப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு படம் வந்தபின், அதில் வந்த இனத்துக்கு ஏறுகிற மவுசு 10 வருடம் வரைகூட நீடிக்கிறதாம். இதில் ஹெர்ஸோக் 2006-லேயே டால்மேஷனைப் பற்றித் தனியாக எழுதியவர். டிஸ்னி தன் பழைய டால்மேஷன் படத்தை 1985-இல் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு 8 வருடத்தில், ஆண்டுக்குச் சுமார் 8,000 ஆக இருந்த டால்மேஷன் பதிவுகள் 42,000-ஐத் தாண்டின. அப்புறம் அதே வேகத்தில் சரிந்தன. டால்மேஷனில் காது கேளாமல் பிறக்கிற குட்டிகள் அதிகம் என்பது பழைய செய்தி, ஆனாலும் யாரையும் தடுக்கவில்லை. இதே குழு 2013-இல் எழுதிய இன்னொரு கட்டுரையும் உண்டு. ஒரு இனம் பிரபலமாவதற்கும் அது ஆரோக்கியமாக, நீண்ட நாள் வாழ்வதற்கும் சம்பந்தமே இல்லை என்று அதில் கண்டார்கள். நாம் நாயைத் தேர்ந்தெடுப்பது சட்டை டிசைனைத் தேர்ந்தெடுக்கிற மாதிரிதான்.

அமெரிக்கா வரை போக வேண்டியதே இல்லை. 2003-இல் வந்த ஹட்ச் விளம்பரம் ஞாபகம் இருக்கா? ஒரு பையன், அவன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஓடுகிற பக். நம்மூரில் அந்த இனத்துக்கே 'ஹட்ச் நாய்' என்று பெயர் வந்துவிட்டது, கம்பெனி கைமாறியதும் 'வோடஃபோன் நாய்' ஆனது. மூஞ்சி நசுங்கியிருப்பதால் சரியாக மூச்சுவிட முடியாத பிராணி அது. சித்திரை வெயிலில் அதை வாக்கிங் கூட்டிப்போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விளம்பரம்தான் என் கண்முன்னால் ஓடும்.

தமிழில் அதே 2022-இல் வந்த 'ஓ மை டாக்' இன்னும் வேடிக்கை. நாய்க் கண்காட்சியில் ஜெயிப்பதே குறியாக இருக்கிற பணக்கார வில்லன், கண் தெரியாமல் பிறந்த ஹஸ்கி குட்டியைக் கொன்றுவிடச் சொல்கிறான். அது ஒரு சிறுவன் கையில் கிடைக்கிறது. குறையோடு பிறந்த உயிரை எடைபோட உனக்கு என்ன உரிமை என்பதுதான் படம் கேட்கிற கேள்வி. அருமையான கேள்வி. சரி, பதில்? அந்தக் குட்டி அதே கண்காட்சியில் கலந்துகொண்டு ஜெயிக்கிறது! எந்த அளவுகோலால் அது சாக இருந்ததோ, அதே அளவுகோலால் கடைசியில் பாஸ் ஆகிறது. ஜெயிக்காமலே அந்தக் குட்டி அந்த வீட்டில் இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இன்னொன்று, சைபீரிய ஹஸ்கி. கதை நடப்பது ஊட்டியில் என்பதால் மன்னித்துவிடலாம். சென்னையில் ஏசி அறையில் படுத்துக் கிடக்கிற ஹஸ்கிகளுக்கு யார் பதில் சொல்வது? 2024-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று பட்டியலிட்ட இனங்களில் ஹஸ்கியும் இருந்தது, பக்கும் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கொள்கையே திரும்பப் பெறப்பட்டது.

இந்த இரண்டு படங்களிலும் மீட்கப்படுவது ஜாதி நாய்தான். பேச்சுவழக்கில் நாம் அப்படித்தான் சொல்கிறோம், 'ஜாதி நாய்'. அந்தச் சொல்லை நான் மாற்றப் போவதில்லை, ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. சினிமாக்காரர்கள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. லேப்ரடார் பழக்கச் சுலபம், படப்பிடிப்பு வருடக்கணக்கில் இழுத்தால் அதே மாதிரி இன்னொரு நாயை நிறுத்தலாம். தெருவில் பிறந்த நாய்க்கு டூப் கிடைக்காது. புரிகிறது. ஆனால் அதன் விளைவு, மனிதன் மனம் மாறுவதற்குக்கூடத் தகுந்த ஜாதியில் பிறந்த நாய் தேவைப்படுகிறது.

'பரியேறும் பெருமாள்' (2018) இங்கே தனித்து நிற்கிறது. கருப்பியை எங்கே வாங்கினாய் என்ற கேள்வியே அந்தப் படத்தில் எழாது. அது பரியனின் வேட்டை நாய், அந்த ஊர்க்காரி. கிராமத்தில் நாய் வருகிற வழியே வேறு. "குட்டி போட்டிருக்கு, ஒண்ணு எடுத்துக்கிறியாப்பா?" என்று பக்கத்துத் தெரு அத்தை கேட்பார். பிரீடரும் இல்லை, ஷெல்டரும் இல்லை. நகரத்துக்கு வந்த நாம் அந்த வழியைத் தொலைத்துவிட்டு, மீதியிருக்கிற இரண்டில் எது புண்ணியம் என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த விவாதத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. 'வாங்காதே, தத்தெடு' என்ற கோஷம் ஷெல்டர் நிறைய நாய்கள் கூண்டில் காத்திருக்கிற ஊர்களில் பிறந்தது. சென்னை ப்ளூ கிராஸ் மாதிரி 1959-இலிருந்து இயங்குகிற இடங்கள் இங்கேயும் உண்டுதான். ஆனால் நம் நாய்களில் பெரும்பகுதி இருப்பது தெருவில். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன 2025 ஆகஸ்ட் 11 உத்தரவைக்கூட உச்ச நீதிமன்றமே 11 நாளில் திருத்தியது. திருத்திய உத்தரவில் தத்தெடுப்புக்கும் இடம் தந்தது, எடுத்த நாயை மறுபடி தெருவில் விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக இங்கே தத்தெடுப்பது என்றால் பெரும்பாலும் வண்டியில் அடிபட்ட தாயின் குட்டியை, யாரோ அட்டைப்பெட்டியில் எடுத்து வந்ததை, வாங்கிக்கொள்வது. எவ்வளவு பெரிசாகும், என்ன குணம் வரும், யாராலும் சொல்ல முடியாது. பார்வோ வந்தால் ஒரு வாரத்தில் கையைவிட்டுப் போய்விடலாம். கடையில் வாங்கிய குட்டிக்கும் அதே பார்வோதான், அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எதற்கும் மேலே ஹவுஸ் ஓனர். "லேப்னா பரவால்ல சார், தெரு நாய்னா வேணாம்."

இனநாய்தான் வேண்டும் என்பவரை நான் திட்டுவதில்லை. வயசான பெற்றோர் இருக்கிற சின்ன பிளாட்டில், எப்படி வளரும் என்று ஓரளவு தெரிந்த நாயைத் தேடுவதில் தப்பென்ன? ஆனால் 2017-லிருந்து மத்திய அரசு விதிகள் இருக்கின்றன. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயை இணைசேர்க்கக்கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், தாய் நாயைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். "அது ஊர்ல இருக்கு", "இன்னொரு பண்ணையில இருக்கு" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். நாட்டு நாய் வாங்குகிறேன் என்று ராஜபாளையத்தைத் தேடிப் போகிறவர்களுக்கும் இதுவேதான். வெள்ளை ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சார்லி படக்குழு, லாபத்தில் 5 சதவீதத்தை நாட்டு நாய்களுக்காகவும் விலங்கு நலனுக்காகவும் உழைக்கிற அமைப்புகளுக்குத் தருவதாக அறிவித்தது. மனதாரப் பாராட்டுகிறேன். இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் அந்த நாட்டு நாய்களுக்கும் 5 சதவீதம் ஒதுக்கியிருந்தால் எட்டு நிமிஷம் கிடைத்திருக்கும்.