ஒரு முடியும் சிவப்புக் கற்றையும்

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. இயற்பியலுக்குப் போகும் பிள்ளைகள் எப்படியும் ஒருநாள் லேசர் பிராக்டிகல் செய்வார்கள். கிரேட்டிங்கை நிறுத்துவது, சுவரில் விழும் புள்ளிகளின் இடைவெளியை அளப்பது, அலைநீளம் கணக்கிடுவது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவது. பல இடங்களில் அதோடு சரி. சுருதி சேர்த்துவிட்டுக் கச்சேரியைக் கலைப்பது போலத்தான் எனக்குப் படும்.

தேர்ந்த ஆசிரியர் அங்கிருந்துதான் தொடங்குவார். கிரேட்டிங்கை எடுத்துவிட்டு, மல்லிகை சூடிய தலை ஒன்றிலிருந்து ஒரே ஒரு முடி கேட்பார். அதைச் சட்டத்தில் செங்குத்தாக ஒட்டிக் கற்றையின் நடுவே வைத்தால், மெல்லிய நிழல்கோடு விழும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். சுவரிலோ இடமும் வலமுமாகச் சிவப்புத் துண்டுகள் நீண்டு கிடக்கும், இடையிடையே இருட்டு. முடியின் தடிமன் 0.07 மி.மீ., ஒளி 650 நானோமீட்டர், சுவர் 2 மீட்டர் தொலைவு என்றால், நடுவிலிருந்து ஏறக்குறைய 18.5 மி.மீ. தள்ளி முதல் இருட்டு வரும். பக்கத்துப் பெண்ணின் முடி 0.05 மி.மீ. என்றால் அது 26 மி.மீட்டருக்கு நகர்ந்துவிடும்.

"மெலிசா இருந்தா கோலம் சின்னதாத்தானே ஆகணும், ஏன் சார் பெருசாகுது?"

இந்தக் கேள்வி வந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் இருக்கிறாரே, அதுதான் கலை. விளிம்பு வளைவுச் சமன்பாடு அவருக்கு மனப்பாடம். ஆனாலும் வாய் திறக்க மாட்டார். நனைத்தால் முடி பருக்குமா, எண்ணெய் தடவினால் அளவு மாறுமா என்று பிள்ளைகளே கேட்டு, அவர்களே அளக்கத் தொடங்கும்வரை காத்திருப்பார். இளங்கலையில் ஆராய்ச்சி என்பது இதுதான்.

நம் ஊர் மரபும் இதுவே. சென்னை மாநிலக் கல்லூரியில் சி.வி.ராமனின் பேராசிரியர் ஜோன்ஸ், வகுப்புக்கு வந்தே தீர வேண்டும் என்று அவரை வற்புறுத்தியதில்லை. ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகத்தின் கோணத்தை அளக்கும்போது, இருபுறமும் ஒன்றுபோல் இல்லாத ஒளிப்பட்டைகளை ராமன் கவனித்தார். அது 1906 நவம்பரில் லண்டன் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் கட்டுரையாக வந்தபோது அவருக்கு வயது 18. இன்றும் எல்லா இயற்பியல் மாணவரும் செய்கிற அதே பட்டகச் சோதனைதான்!

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த வத்திராயிருப்புக்காரர் கே.எஸ்.கிருஷ்ணன், சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை ஆசிரியராக இருந்தபோது மதிய உணவு இடைவேளையில் மாணவர்களோடு உட்கார்ந்துவிடுவார். இயற்பியலோ கணிதமோ வேதியியலோ, எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். 1928-இல் ராமனோடு ராமன் விளைவைக் கண்டவர் அவர். அந்த விளைவில் சிதறும் மங்கலான ஒளியைப் பார்க்க அன்று சூரிய வெளிச்சத்தையும் பாதரச விளக்கையும் நம்ப வேண்டியிருந்தது. 1960-இல் மைமன் செய்த லேசர் அந்தச் சிரமத்தைப் பின்னாளில் பெரிதும் குறைத்தது.

இன்று சிறு சிவப்பு லேசருக்குச் சில நூறு ரூபாய் போதும். ஆசிரியர்களே, கற்றை யார் கண்ணிலும் படாதபடி பார்த்துக்கொண்டு, அடுத்த பிராக்டிகலில் ஒரு மணி நேரமாவது ரெக்கார்டு நோட்டை மூடி வைக்கச் சொல்லுங்கள்.