ஸ்கிரைப் தேடுவது யார் வேலை?

பருவத் தேர்வு நெருங்கும்போது பார்வையற்ற மாணவருக்கு இரண்டு கவலைகள். ஒன்று பாடம். மற்றொன்று, சொல்வதை எழுத ஆள் (ஸ்கிரைப்) கிடைக்குமா என்பது. இரண்டாவது கவலை முதலாவதை விழுங்கிவிடுவது நம் கல்லூரிகளில் வாடிக்கையாகிவிட்டது. சட்டம் இல்லாததால் வந்த நிலை அல்ல இது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதையொட்டி மத்திய சமூகநீதி அமைச்சகம் 29.8.2018 அன்று வெளியிட்ட எழுத்துத் தேர்வு நெறிமுறைகளும் வந்தன. அந்த நெறிமுறைகள் கல்லூரி மாணவருக்கு உண்மையில் எவ்வளவு உதவின என்பதே இங்கே கேள்வி.

காகிதத்தில் அவை பெருந்தன்மையானவை. பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து வினாத்தாள் என்று மாணவர் தமக்கு ஏற்ற முறையைத் தேர்ந்துகொள்ளலாம். கணினியில் எழுதுவதானால் முந்தைய நாளே அதைச் சோதித்துப் பார்க்கலாம். தேர்வறை இயன்றவரை தரைத்தளத்தில் அமைய வேண்டும். மொழித்தாளுக்கு ஒருவர், மற்றப் பாடத்துக்கு வேறொருவர் என ஸ்கிரைபை மாற்றிக்கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம் தர வேண்டும். அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம்.

இந்த ஒரு மணி நேரத்தைச் சலுகை என்று முணுமுணுக்கும் கண்காணிப்பாளர்கள், தமிழ்த்தாள் எழுதப்படுவதைப் பக்கத்தில் நின்று ஒருமுறை கவனிக்க வேண்டும். மாணவர் ‘அறம்’ என்கிறார். எழுதுபவர் ‘அரம்’ என்று எழுதிவிடக் கூடாதே என்று ‘பெரிய ற’ என்று சேர்த்துச் சொல்கிறார். ‘மனம்’ வந்தால் ரெண்டு சுழி, ‘மணம்’ வந்தால் மூணு சுழி. செய்யுள் அடி என்றால் சீர் எங்கே பிரிகிறது, எங்கே ஒற்று மிகுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதுபவருக்கு இலக்கணம் பிடிபடாவிட்டால் அவருடைய பிழைக்கு மாணவரின் மதிப்பெண் குறையும். வேதியியல் சமன்பாட்டையோ கணிதத்தையோ வாயால் சொல்ல ஆகும் நேரம் இதைவிட அதிகம். இருபது நிமிடம் என்பது குறைந்தபட்ச அளவு. நெறிமுறையும் அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் அதையே உச்சவரம்பாக்கி, மணி அடித்ததும் தாளைப் பிடுங்குகிறார்கள்.

ஆனால் பெரிய கோளாறு ஆள் தேடும் பொறுப்பில் இருக்கிறது. ஸ்கிரைபை மாணவரே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்தும் அமைப்பிடம் கேட்கலாம் என்றது 2018 நெறிமுறை. அந்த அமைப்பு ஸ்கிரைப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து ‘வைத்துக்கொள்ளலாம்’ என்பதோடு விட்டுவிட்டது. கட்டாயம் இல்லாத இடத்தில் கல்லூரி ஏன் மெனக்கெடப் போகிறது? “நீங்களே யாரையாவது கூட்டிட்டு வந்துடுங்க” என்பது தேர்வுப் பிரிவின் வழக்கமான பதிலாகிவிட்டது. கூட்டி வருபவரின் தகுதி தேர்வரின் தகுதிக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி வேறு. இளங்கலை மாணவரின் தகுதி என்பது அவர் முடித்த பிளஸ் டூவா, படித்துக்கொண்டிருக்கும் பட்டமா? விடையைப் பொறுத்து, வரவேண்டியவர் பத்தாம் வகுப்பு முடித்தவராகவோ பிளஸ் டூ முடித்தவராகவோ ஆகிறார். சரி, முதலாண்டு மாணவர் ஒருவரைப் பிடிக்கலாம் என்றால் நவம்பரிலும் ஏப்ரலிலும் அவருக்கும் தேர்வு. கடைசியில் யாரோ ஒருவர் இரக்கப்பட்டு வருகிறார். அவருடைய பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் மாணவர் தலையில். இரக்கத்தை நம்பி நடக்கும் ஏற்பாட்டை உரிமை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். மாணவர் தாமே ஆள் கொண்டுவந்தால் முறைகேடு நடக்கும் என்கிறார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு மருந்து, கல்லூரி தன் ஆளைத் தயாராக வைத்திருப்பதும் அறையில் சரியான கண்காணிப்பும்தானே! பாடம் தெரியாதவரைக் கட்டாயமாக்குவது, நேர்மையான மாணவருக்குத் தரும் தண்டனை. இன்னொரு பக்கம், தம் குரலுக்கும் வேகத்துக்கும் பழகியவரையே மாணவர்கள் விரும்புகிறார்கள். இது வலுவான வாதம். அதனால் சொந்த ஸ்கிரைபை அடியோடு தடுப்பதும் தவறு. கல்லூரி தரும் ஸ்கிரைபை இரண்டு நாள் முன்னதாகச் சந்திக்கலாம் என்று 2018 நெறிமுறையே சொன்னது. அந்தச் சந்திப்பு ஒழுங்காக நடந்தாலே பாதித் தயக்கம் தீரும்.

யாருக்கு இந்த ஏற்பாடு என்பதிலும் 2018 நெறிமுறை குறுகியது. 40 விழுக்காடு குறைபாடு என்ற கோட்டுக்குள் அது நின்றுவிட்டது. எழுதும்போது கை இறுகிப்போகும் ஒருவர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 11.2.2021 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டை ஸ்கிரைப் உதவிக்குப் பொருத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் தனி நெறிமுறையும் வந்தது. இது நீதிமன்றம் பெற்றுத்தந்த திருத்தம். அமைச்சகத்தின் கணக்கில் இதை வரவு வைக்க முடியாது.

எழுத்துத் தேர்வைப் பற்றி மட்டும் பேசுவதால், அதற்கு முந்தைய மாதங்கள் முழுவதும் இந்த நெறிமுறையின் பார்வையில் இல்லை. பாடக்குறிப்பைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து தந்தால் திரைவாசிப்பான் அதைத் தமிழாகவே படிக்காது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒப்பிக்கும். ஜெராக்ஸை ஸ்கேன் செய்து அனுப்பினால் அதுவும் இல்லை, மௌனம்தான். பதிப்புரிமைச் சட்டம் 2012இலேயே திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களைத் தயாரிக்க வழி திறந்துவிட்டது. யூனிகோடில் தட்டச்சு செய்ய ஆசிரியருக்குச் செலவும் இல்லை. அகமதிப்பீட்டிலும் இதே கதைதான். பல கல்லூரிகளில் 25 மதிப்பெண் அதற்குப் போகிறது. வகுப்பிலேயே திடீரென்று நடக்கும் அந்தச் சிறு தேர்வுகளுக்கு ஸ்கிரைபை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே என் முடிவு இது. 2018 நெறிமுறை மாணவரின் தேவைகளைச் சரியாகப் பட்டியலிட்டது. அவற்றை நிறைவேற்றும் கடமையை யார்மேலும் சுமத்தவில்லை. அந்த ஒரு குறைக்காகவே கல்லூரியைப் பொறுத்தவரை அது தோற்ற ஆவணம். ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாற்றுத்திறனாளிகளின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்க ஓர் உள் அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 15.12.2017 தீர்ப்பிலேயே பேசியிருக்கிறது. அந்த அமைப்பிடம் மாணவர் சேர்க்கையின்போது ஒரே ஒருமுறை விண்ணப்பம் கொடுத்தால் போதும் என்றாக வேண்டும். அதன் பிறகு ஸ்கிரைப், கணினி, யூனிகோட் குறிப்பு, அகமதிப்பீட்டுக்கான நேரம் ஆகிய அனைத்துக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் துறைத்தலைவரும் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். ஸ்கிரைபுக்கான ஊதியம் தேர்வுக் கட்டண நிதியிலிருந்து போக வேண்டும். கல்லூரி தரும் ஆள் ஒத்துவரவில்லை என்றால் மறுத்து, தம் ஆளை அழைத்துவரும் உரிமை மாணவரிடமே இருக்கட்டும். கல்லூரி யாரையும் தராமல் தேர்வு தவறிப்போனால், அதை மாணவரின் அரியராகப் பதியாமல், நிறுவனத்தின் செலவில் மறுதேர்வு நடத்த வேண்டும்.