போகர் சீன மருந்து கொண்டுவந்தாரா?

திருத்தணி முருகனுக்குச் சாத்தப்படும் சந்தனத்தை அன்பர்கள் நெற்றியில் இடுவதில்லை. விழா நாட்களில் நீரில் கரைத்து அருந்துவார்கள். இந்திரன் அளித்த கல்லில் அரைத்தது, அதனால் பிணி தீரும் என்பது தலபுராண நம்பிக்கை. இந்நம்பிக்கை தன்னை வரலாறு என்று கூறிக்கொள்வதில்லை. ஆனால் பழனியோடு சேர்த்துச் சொல்லப்படும் போகர் கதை அப்படியன்று. வயிற்றுவலி, செரியாமை, உப்பிசம் ஆகியவற்றுக்கான சித்த மருந்துகளும் சீன மருந்துகளும் ஒத்திருப்பதற்குப் போகரே காரணம் என்று இன்று வரலாறாகவே எழுதப்படுகிறது. எனவே அதைச் சோதிக்க வேண்டியுள்ளது.

முதற்குறை கதையிலேயே இருக்கிறது. போகர் சீனாவிலிருந்து வந்தவர் என்பது ஒரு வழக்கு. இங்கிருந்து சீனா சென்றவர் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே கட்டுரையில் சான்றாகக் காட்டுவோரும் உண்டு! அவர் பெயரில் வழங்கும் 'போகர் ஏழாயிரம்' நூலின் நடை மிகப் பிற்காலத்தது. அதைக் கொண்டு பழங்காலத் தொடர்பை நிறுவ முடியாது.

ஆனால் தொடர்பு பொய்யன்று. அதற்கான சான்று மருந்துப் பெயர்களில் உள்ளது. திப்பிலியைச் சீனர் 'பி-போ' என்பர்; வடமொழியின் 'பிப்பலி'யே அது. கடுக்காய்க்கு அவர்கள் இட்ட 'ஹெ-லி-லெ' என்ற பெயர் 'ஹரீதகீ' என்பதன் வழிவந்தது. அதனைக் கழிச்சலுக்குக் கொடுக்கும் முறை சீனப் பழைய மருத்துவ நூலிலேயே காணப்படுகிறது. ஆக, பெயர்களோடு சரக்கும் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. 671ஆம் ஆண்டு கடல்வழியே புறப்பட்ட இட்சிங் என்னும் சீனத் துறவி, தம் நாட்டு மூலிகைகளும் இந்திய மூலிகைகளும் வேறுபட்டவை என்று குறித்துள்ளார். அஜீரணத்துக்குப் பட்டினி கிடப்பதே நல்ல மருந்து என்று இந்தியரிடம் கண்டதையும் எழுதியுள்ளார்.

1077இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனப் பேரரசரிடம் சென்றது. அவர்கள் கொண்டுசென்ற பொருட்களில் பெருங்காயம், கிராம்பு, கோஷ்டம் ஆகியவை இருந்தன. மூன்றும் வயிற்று மருந்துச் சரக்குகள். பெருங்காயம் நம் வீட்டு ரசத்தில் சேர்வது; சீனரோ 'அ-வெய்' என்ற பெயரில், தின்றது செரிக்காமல் தங்கும்போது கொடுப்பர். ஒரு சித்தர் செய்ததாகச் சொல்லப்படும் வேலையைச் செய்தவர்கள் பெயர் தெரியாத வணிகர்களே. எதிர்த்திசையில் வந்த சரக்குக்கு எடுத்துக்காட்டு பறங்கிப்பட்டை. சீனாவில் விளைந்த அவ்வேர், 16ஆம் நூற்றாண்டில் கோவாவில் பரவலாக அறியப்பட்டிருந்தது. தமிழில் அதன் பெயரில் நிற்பவர் சீனரல்லர், பறங்கியர்.

இவற்றுள் கோஷ்டத்தைத் தனியே பார்க்க வேண்டும். சீனர் அதை 'மு-சியாங்' என்பர். வயிற்று வலிக்கும் உப்பிசத்துக்கும் வழங்குவர். அப்பெயரின் முன் 'சிங்' என்று சேர்ந்தாலோ அது வேறொரு செடியின் வேர். அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அமிலம் கொண்டது. 2004இல் சீன அரசே அதன் பயன்பாட்டை நிறுத்தியது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. அங்கும் ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஒத்த பெயருடைய அரிஸ்டோலோகியா வேர் கலந்ததே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. இவ்வமிலம் உள்ள செடிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

"சித்தர் சொன்னது, சீனரும் சொன்னது, ஆகவே தீங்கில்லை" என்ற வாதம் இந்த இடத்தில் நிற்பதில்லை. அதே இனத்துச் செடிகள் நம் ஊரிலும் உண்டு. பாம்புக்கடிக்குச் சொல்லப்படும் ஈஸ்வரமூலி ஒன்று. மற்றொன்று, வயிற்றுப் பூச்சிக்குக் குழந்தைகளுக்குக்கூடக் கொடுக்கச் சொல்லப்படும் ஆடுதீண்டாப்பாளை. ஆடும் வாய் வைக்காத செடி என்பதைப் பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.