பதிவேட்டில் ஏறாத எச்சரிக்கை

பாலக்காட்டின் எல்லைப் பகுதியில் இருப்பவர்கள் ஷார்ஜாவுக்கோ சென்னைக்கோ விமானம் ஏற வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் போகிறார்கள். மூணாறு, மறையூர் பக்கத்தார் மலையிறங்கிக் கொச்சிக்குப் போகிறார்கள். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஆடி மாத மேகம் மூடினால் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியே கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் மலையை அறிந்து சொல்வது விமானி அறையிலுள்ள தரை அணுகல் எச்சரிக்கைக் கருவிதான். விமானம் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொண்டு, தன்னிடமுள்ள நில வரைபடத்தோடு ஒப்பிட்டு, மோதும் நிலை என்றால் ‘டெரெய்ன், புல் அப்’ என்று குரல் கொடுக்கும். விமானிக்கு அங்கே யோசிக்க அனுமதி இல்லை. எஞ்சின் விசையை முழுதாகக் கூட்டி மூக்கை உயர்த்த வேண்டும்; உண்மையா பொய்யா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் எதிரே மலை இல்லை என்று கண்ணால் உறுதி செய்திருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

இந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பொய்யான குரலுக்குக் கீழ்ப்படிந்தால் கொஞ்சம் எரிபொருளும் நேரமும் போகும், பயணிகள் கலங்கிப்போவார்கள். மெய்யான குரலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மங்களூரே சாட்சி. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் அளவுக்கு மீறிய உயரத்திலிருந்து வேகமாக இறங்கியது. கருவி திரும்பத் திரும்ப எச்சரித்தது. இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானியும் சொன்னார். தலைமை விமானி கேட்கவில்லை. ஓடுபாதையைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்தது. இருந்த 166 பேரில் பிழைத்தவர்கள் 8 பேர்.

ஆனால் எல்லா எச்சரிக்கைக்கும் இதே விதி பொருந்துமா என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. 1992 ஜூலை 30 அன்று நியூயார்க்கில் டிடபிள்யூஏ 843 விமானம் தரையை விட்டு எழும்பிய கணத்தில், விமானம் தாங்கு விசையை இழக்கிறது என்று சொல்லும் அதிர்வு கட்டுப்பாட்டுத் தண்டில் எழுந்தது. விமானம் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது. துணை விமானி கட்டுப்பாட்டைத் தலைமை விமானியிடம் ஒப்படைக்க, அவர் மறுபடி தரையில் இறக்கினார். விமானம் எரிந்து போனது. 292 பேரும் தப்பியது பெரும் பேறு. சில நொடிகளில் முடிவெடுத்த அந்த இருவரைக் குறை சொல்வது எளிது. பொய் சொன்ன உணர்கருவியோ அதற்கு முன்பே பலமுறை கோளாறு காட்டியது. ஒவ்வொரு முறையும் காரணம் பிடிபடாமலே மறுபடி பயன்பாட்டுக்கு அனுப்பப்பட்டது. என் கவலை இங்கேதான். பொய் எச்சரிக்கைக்கு விமானி என்ன செய்தார் என்பதைத் துருவித் துருவி ஆராய்கிறோம். அந்தப் பொய் அடுத்த விமானியைச் சேராமல் தடுப்பதில் அந்த அக்கறை இல்லை.

2018 அக்டோபர் 28 அன்று பாலித் தீவிலிருந்து ஜகார்த்தாவுக்கு வந்த லயன் ஏர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே தண்டு அதிர்வு, அதுவும் பொய், பயணம் முழுக்க நீடித்தது. மூக்கைத் தானாகக் கீழே தள்ளிய விசையை விமானிகள் நிறுத்தி, பத்திரமாக இறக்கினார்கள். வானில் அவர்கள் செய்தது பாராட்டுக்குரியது. ஆனால் பராமரிப்புப் பதிவேட்டில் வேகம், உயரம் பற்றிய கோளாறுகள் ஏறின. அந்த அதிர்வும் விசையை நிறுத்திய செய்தியும் ஏறவில்லை. மறுநாள் காலை அதே விமானத்தை டெல்லியைச் சேர்ந்த தலைமை விமானி ஒருவர் எடுத்துச் சென்றார். சில நிமிடங்களில் ஜாவா கடலில் 189 உயிர்கள் போயின. ஒரே உணர்கருவியை நம்பி அந்த விசையை அமைத்து, அதைப் பற்றி விமானிகளுக்குச் சொல்லாமலும் விட்ட போயிங்கின் குற்றம் இதைவிடப் பெரிது என்பார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எழுதாமல் விட்ட அந்த இரண்டு வரிகள் எழுதப்பட்டிருந்தால், பராமரிப்புப் பொறியாளர்கள் தேடியிருக்கும் இடமே வேறு.

இப்போது பொய் வெளியிலிருந்தே வருகிறது. போலி ஜிபிஎஸ் சமிக்ஞையால் விமானம் இருக்கும் இடமே தவறாகப் பதிய, எதிரே மலையே இல்லாதபோதும் ‘புல் அப்’ ஒலிக்கிறது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதியில் 465 ஜிபிஎஸ் குறுக்கீடுகள் பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தொல்லை தாங்காமல் நில எச்சரிக்கையை அணைத்து வைக்கும் வழியும் விமானி அறையில் இருக்கிறது. மழைக்காலத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாள்தோறும் எச்சரிக்கை கேட்கும் இடுக்கிக்காரருக்கு அந்தச் சலிப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. சலிப்புக்காக விமானியைக் கண்டிப்பதால் பயன் இல்லை. குறுக்கீடு உள்ள பாதையை முன்கூட்டியே சொல்வதும், ஒவ்வொரு பொய் ஒலியையும் தண்டனை அச்சமின்றிப் பதிய வைப்பதும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வேலை. போலிச் சமிக்ஞையை இனங்காணக் கருவியைத் திருத்துவது உற்பத்தியாளரின் வேலை. விமானியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அணைத்த எச்சரிக்கையை, மலைப்பக்கம் இறங்கத் தொடங்கும் முன் மறுபடி போட்டாரா என்று.