தன் கதை: அக்கரையிலும் இக்கரையிலும்

பாமாவின் 'கருக்கு' தன்வரலாறு. ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' நாவல். எழுதியவர்கள் தங்கையும் அண்ணனும். விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். தங்கையின் புத்தகம் 1992இல் வந்தது. அண்ணனின் புத்தகம் வர இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. அண்மையில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். அந்தச் சூட்டோடு எங்கள் ஈழப் பக்கத்துப் புத்தகங்கள் சிலவற்றையும் மறுபடி எடுத்தேன். கோவிந்தனின் 'புதியதோர் உலகம்', ஷோபாசக்தியின் 'கொரில்லா', சி. புஷ்பராஜாவின் 'ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்', தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்', டொமினிக் ஜீவாவின் சுயசரிதை. வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. வாழ்ந்ததை எழுதுவது என்ற ஒரே காரியத்தைத் தமிழ்நாட்டார் ஒரு விதமாகவும் நாங்கள் வேறு விதமாகவும் செய்கிறோம். அதில் எங்களுக்கு ஒரு பெரிய இழப்பும் இருக்கிறது.

முதலில் அந்த வீட்டைப் பார்ப்போம். 'கருக்கு'வில் ஓர் இடம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பள்ளி விட்டு வரும் சிறுமி தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்கிறாள். அவர்கள் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாமல், கட்டிய நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். சிறுமிக்கு அது பெரிய வேடிக்கை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கினார் என்று அவர் விளக்கியதும் அவளுக்கும் சிரிப்புப் போய்விடுகிறது. சாதி என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக, இதைவிட நேராகச் சொன்ன பக்கத்தை நான் தமிழில் வாசித்ததில்லை. இத்தனைக்கும் பாமா அந்தப் பக்கத்தில் வாதாடவே இல்லை. பொட்டலம், நூல், நடை, சிரிப்பு, அவ்வளவுதான்.

அந்த அண்ணன் பிறகு தன் கதையைத் தானே எழுதியபோது தன்மையில் எழுதவில்லை. சிலுவைராஜ் என்றொருவனைப் படைத்து, அவனைச் சற்றுத் தள்ளி நிறுத்திப் பார்த்தார். சிலுவைராஜின் பயம், பசி, பொய், காமம், படிப்பு வெறி எல்லாம் ஒளிவில்லாமல் வருகின்றன. கிறிஸ்தவராக மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை என்று வைத்த 1950ஆம் ஆண்டு ஆணை, படித்து முடித்த ஒரு பையனின் வேலைத் தேட்டத்தில் எப்படிக் குறுக்கே விழுகிறது என்பதை அந்த நாவலை வாசித்துத்தான் நான் முழுதாக உணர்ந்தேன். 'நான்' என்று எழுதியிருந்தால் இவ்வளவு இரக்கமில்லாமல் தன்னைப் பார்த்திருக்க அவரால் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன். தங்கையின் புத்தகத்தில் 'நான்' என்பது பெரும்பாலும் 'நாங்கள்'. தெருவில் ஆடிய விளையாட்டுகள், விறகு பொறுக்கியது, கூலி வேலை, கோயில், கன்னிமடம் என்று ஒரு சனத்தின் வாழ்க்கையே அதில் பேசுகிறது. எனக்கு இரண்டுமே வேண்டும். ஆனாலும் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் சிலுவைராஜைத்தான் எடுப்பேன். சிரித்துக்கொண்டே வாசித்து, ஓரிடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோக வேண்டியிருந்தது அதில்தான்.

தமிழ்நாட்டில் இப்படி எழுதுவதற்கு விலை உண்டு. 'கருக்கு' வந்த பிறகு ஊர்ச் சனம் கோபப்பட்டதையும், தான் சில மாதம் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததையும் பாமாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெறும் கற்பனை நாவல். அதற்கே 2015 தொடக்கத்தில் ஊர் திரண்டது. எழுத்தையே விடுவதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எழுத்துலகுக்குத் திரும்பினார். அங்கே எழுத்தாளன் பயப்படுவது ஊருக்கும் சாதிக்கும் சொந்தக்காரருக்கும். ராஜ் கௌதமன் பெயரை மாற்றி நாவலாக்கியதில் இந்தப் பயத்துக்குப் பங்கில்லை என்றே நம்புகிறேன். அது கலைஞர் ஒருவர் தெரிந்தெடுத்த தூரம்.

எங்களிடம் நாவல் என்ற வடிவம் உயிர் காக்கத் தேடிய மறைப்பாக இருந்தது. 'புதியதோர் உலகம்' 1985இல் வந்தது. கோவிந்தன் என்பது புனைபெயர். ஈழத்து ஆயுத இயக்கங்களில் ஒன்றான புளொட்டுக்குள் நடந்த சித்திரவதையையும் கொலைகளையும் அதிலிருந்து விலகிய ஒருவர் நாவலாக எழுதினார். கதை நிகழும் பயிற்சி முகாம்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஒரத்தநாட்டு மண்ணில் இருந்தவை. எங்கள் போராட்டத்தின் முதல் பெரிய உட்சாட்சியம் தமிழ்நாட்டின் தென்னந்தோப்புகளில் தொடங்குகிறது என்பதை அங்குள்ள வாசகர்கள் பலர் இன்னும் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். கோவிந்தன் பின்னாளில் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். திரும்பி வரவில்லை. பெயரை மறைத்து, நாவல் என்று போட்டும் அவர் தப்பவில்லை.

ஆக, அந்தப் புதுப்பட்டி வீட்டில் தலித் வாழ்வைச் சொல்லத் தன்வரலாறு முந்தி வந்தது, நாவல் பிந்தியது. ஈழத்தில் இயக்க வாழ்வைச் சொல்ல நாவல் முந்தியது. தன்வரலாறு வர நாள் பிடித்தது. புஷ்பராஜாவின் 'சாட்சியம்' 2003இல் வந்தபோது அவர் பாரிசில் இருந்தார். புலிகளின் தொடக்க கால உறுப்பினரான கணேசன் என்ற ஐயரின் பதிவுகள் போர் முடிந்த பிறகே புத்தகமாயின. புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினியின் நூல் 2016இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஒக்டோபரில் அவர் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இறந்துவிட்டார். இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. 1990 மாங்குளம் தாக்குதலைப் பற்றிப் புலிப் போராளி மலரவன் எழுதிய 'போர் உலா' களத்திலிருந்தே வந்தது. ஆனால் அது இயக்கம் விரும்பி ஏற்ற எழுத்து. இயக்கத்தைக் கேள்வி கேட்ட தன்வரலாறுகள் ஒன்றில் தூர தேசத்திலிருந்து வந்தன, அல்லது துவக்குகள் ஓய்ந்த பிறகு வந்தன.

நான் சொன்ன இழப்பு இங்கேதான் வருகிறது. இவ்வளவு காலம் பேச முடியாதிருந்தவர்கள் பேசும்போது, கேட்கிறவர்கள் நீதிமன்றத்தில் இருப்பதுபோல் இருந்து கேட்கிறார்கள். தமிழினியின் நூல் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். இறந்த பிறகு வந்ததால் இடைச்செருகல் இருக்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. இதுவே உண்மை என்று இன்னொரு தரப்பு கொண்டாடியது. சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது அங்கேயும் பலர் தங்களுக்கு வேண்டிய வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இந்த இழுபறிக்குள் நூலை நூலாக வாசித்தவர்கள் குறைவு. அரசியல் பேசும் அத்தியாயங்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. அவற்றில் ஒரு பொறுப்பாளரின் அறிக்கை நடை இன்னும் மிஞ்சியிருக்கிறது. வெலிக்கடைச் சிறையின் பெண்கள் பகுதிக்கு வந்ததும் நடை மாறுகிறது. சந்தேகமும் வெட்கமும் களைப்பும் உள்ள ஒரு பெண் அங்கே எழுதுகிறார். மேடையில் ஆயிரம் பேருக்கு முன் பேசிப் பழகியவர் தன் தாயை எதிர்கொள்ள முடியாமல் தவிக்கும் பகுதிகள்தான் என் மனத்தில் தங்கியவை. அவர் இன்னும் பத்து ஆண்டு இருந்திருந்தால் அந்தக் குரலில் இன்னொரு புத்தகம் எழுதியிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். நாற்பத்து மூன்று வயது போகிற வயதா?

குறுக்கு விசாரணைக்கு ஆயத்தமாகி எழுதுகிறவர் எதை விடுவார்? சமையல், விளையாட்டு, பகிடி, நோய், காதல், இதையெல்லாம் விட்டுவிடுவார். புஷ்பராஜாவின் நூலில் கூட்டங்கள், கைதுகள், பிரிவுகள், பெயர்கள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வரலாறு எழுதுகிறவருக்கு அது பொக்கிஷம். தமிழ் இளைஞர் பேரவைக் காலத்தை உள்ளிருந்து சொன்ன ஒருவருக்கு நாங்கள் நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஆனாலும் அந்த இளைஞர்கள் எந்தக் கடையில் தேத்தண்ணி குடித்தார்கள், எதைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள், இரவில் எங்கே படுத்தார்கள் என்று தேடித் தேடி வாசித்தேன். 'கருக்கு' தன் விளையாட்டுகளுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசி கிடைத்திருந்தாலும் போதும். எஸ்.பொ.வின் 'நனவிடை தோய்தல்' யாழ்ப்பாணத்து அன்றாடத்தை நாக்கில் ருசி ஊறும்படி சொன்ன புத்தகம். அந்த வழியில் போனவர்கள் அதிகமில்லை.

நீதிமன்றத்தை வாசகர் விடுவதாக இல்லை என்று கண்டு, அதையே நாவலுக்குள் கொண்டுவந்து வைத்தவர் ஷோபாசக்தி. 2001இல் வந்த 'கொரில்லா' ஓர் அகதி விண்ணப்பமாகவே தொடங்குகிறது. எண் போட்ட பத்திகள், அதிகாரிக்கு எழுதும் பணிவு, உயிருக்கு ஆபத்து என்று நிரூபிக்க வேண்டிய அவதி. அடிக்குறிப்புகள் வேறு. ஆவணத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நாவல் நடக்கிறது. நம்ப மறுக்கும் அதிகாரிக்கு முன் தன் வாழ்க்கையைச் சொல்ல வேண்டி வந்தவனின் கதையை வேறெந்த வடிவத்திலும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. என் கணக்கில் ஈழத்தவர் எழுதிய நாவல்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியது இது. அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' வேறொரு பாதையில், மிக மெல்லிய நடையில், நாவலுக்கும் நினைவுக்கும் நடுவே ஓடுகிறது. மலையகத்திலிருந்து தெளிவத்தை ஜோசப்பின் 'குடைநிழல்' ஒரு கைதைச் சொல்லிக்கொண்டே தோட்டத்து வாழ்க்கைக்குள் போகிறது. சின்னப் புத்தகம். வடக்கில் இன்னும் பரவலாக வாசிக்கப்பட வேண்டும்.

சாதியைச் சொல்லும் தன்வரலாறு எங்களிடம் இல்லையா என்றால், இருக்கிறது. டொமினிக் ஜீவாவின் 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' அது. ஆசிரியரின் சாதி ஏச்சைத் தாங்காமல் பள்ளியை விட்ட பையன், சலூனில் கத்தரிக்கோல் பிடித்துக்கொண்டே எழுத்தாளராகி, 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்திய கதை. கையில் இதழ்க்கட்டோடு தெருத்தெருவாக நடந்து விற்றவர் அவர். தமிழ்நாட்டில் 'கருக்கு'வும் கே.ஏ. குணசேகரனின் 'வடு'வும் பல்கலைக்கழகப் பாடங்களாகி, ஆண்டுக்கணக்காக விவாதிக்கப்படுகின்றன. ஜீவாவின் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் அந்த மரியாதை கிடைக்கவில்லை. போரைப் பற்றிய சாட்சியங்களுக்குக் காது கொடுத்த நாங்கள் கோயில் வாசல், கிணற்றடி, தேநீர்க் கடை பற்றிய சாட்சியத்துக்கு அப்படிக் காது கொடுக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புத்தகத்தைப் பற்றிப் பேசும் விதத்திலும் வேறுபாடு உண்டு. எங்கள் வெளியீட்டு விழாவில் விளக்கேற்றல், வரவேற்புரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று ஒழுங்கு இருக்கும். சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். என்வலப்பைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டு இறங்குவார்கள். அச்சுச் செலவு அப்படித்தான் தேறுகிறது. சொந்தக் காசு போட்டு அடித்தவரை ஊரே தாங்கும் அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நயவுரையோடு அந்தப் புத்தகத்தின் பேச்சு முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் வெளியீடு முடிந்து மாதங்கள் கழிந்தும் சிறு நகரங்களில்கூட விமர்சனக் கூட்டம் வைத்து, எழுத்தாளரையும் உட்கார வைத்துக்கொண்டு குறைகளைச் சொல்கிறார்கள். அந்தப் பழக்கம் எங்கள் வாசிகசாலைகளுக்கு வர வேண்டும். கூடிப் பேச நூல் வேண்டுமே என்று கேட்கலாம். அங்கிருந்து வரும் நூல்களின் விலை எங்களுக்கு எட்டுவதில்லை என்பது உண்மை. ஆனால் 2005 தொடக்கம் நூலகம் இணைய நூலகத்தில் எங்கள் பழைய நூல்களும் இதழ்களும் காசில்லாமல் கிடைக்கின்றனவே.

எங்களிடம் இன்னும் எழுதப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 'வடு'வில் குணசேகரன் இளையான்குடி முஸ்லிம்களோடு பழகியதை எழுதுகிறார். சாதிக்காரத் தெருவில் கிடைக்காத மதிப்பு அந்தத் தெருவில் தனக்குக் கிடைத்ததைச் சிறுபையனின் கண்ணால் சொல்கிறார். அந்தப் பக்கங்களை வாசித்தபோது எனக்கு 1990 ஒக்டோபர் நினைவுக்கு வந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய மாதம். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். கையில் அகப்பட்டதோடு புத்தளம் போனவர்களின் வீடுகள் சோனகதெருவில் நின்றன. நான் வாசித்த தமிழ்த் தன்வரலாறுகளில் அந்த நாள் வந்தால், தவறு என்று ஒரு வசனம் வரும். பிறகு கதை வேறு பக்கம் போய்விடும். அடுத்த வீட்டில் இருந்த தமிழர் ஒருவர், அன்று தான் எங்கே நின்றார், என்ன சொன்னார், யாருடைய திறப்பை வாங்கி வைத்தார், மறுநாள் அந்த வாசலைக் கடந்து எப்படிச் சந்தைக்குப் போனார் என்று எழுத வேண்டும். தீர்ப்பு வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பாமா அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததுபோல் அவர் அந்தத் தெருவைப் பார்த்து எழுதினால் போதும். அன்று அங்கே இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.