மணிமேகலையில் அரசும் அறமும்

பௌத்தம் துறவைத் தலையாகக் கொண்ட சமயம். ஆயினும், ஓடேந்தும் துறவிக்குச் சோறிட ஊர் வேண்டும். ஊருக்குக் காவல் வேண்டும். காவலுக்கு அரசன் வேண்டும். இம்முடிச்சைச் சாத்தனார் எங்ஙனம் அவிழ்க்கின்றார் என ஆராய்வோம்.

முதலில் புகார். அமுதசுரபியால் சிறைப்பட்டோரின் பசி தீர்த்த மணிமேகலையிடம், வேண்டுவது யாதென மாவண்கிள்ளி வினவுகின்றான். பள்ளிக்குப் பொன்னோ நிலமோ அவள் கேட்டாளில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு வேண்டுகின்றாள். மன்னனும் இசைகின்றான். ஆனால், உதயகுமரன் வெட்டுண்டு மாண்டபோது, மகன்மீதே பிழையென்று உணர்ந்தும், அவளைக் காவலில் வைக்க ஆணையிடுகின்றான். அரசருளின் எல்லையைக் கவிஞர் மறைத்தாரில்லை.

அடுத்துச் சாவகம். முற்பிறப்பில் ஆபுத்திரனாயிருந்த புண்ணியராசன், மணிபல்லவத்தில் தன் பழைய உடலின் எலும்புகளையே கண்டு கலங்குகின்றான். அவனைத் துறவியாக்கியிருத்தல் கவிஞர்க்கு எளிது. மணிமேகலையோ, நாடு அழைக்கிறதென்று கூறி அவனைக் கலமேற்றித் திருப்பி அனுப்புகின்றாள். உயிர்கட்கெல்லாம் உணவும் உடுக்கையும் இருக்க இடமும் அளிப்பதே அறம் என்பது அவள் அவனுக்கு உரைத்த இலக்கணம். இறுதிக் காதைகளில் தருக்கம் மிகுந்து கவிதை மெலிகின்றது என்பது உண்மையே. எனினும் காப்பியத்தின் உயிர் இவ்விரு காட்சிகளிலேயே உள்ளது.

வரலாறு காட்டும் அரசர் வேறு. ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த விகாரத்துக்கு, சிவநெறியினனான முதலாம் இராசராசன் 1006-இல் ஆனைமங்கலத்தை அளித்தான். அக்கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்த இராசேந்திரனே 1025-இல் கடாரத்தின்மேல் கலம் செலுத்தி வென்றான். 1090-இல் கடாரத்தரசனின் தூதர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் பள்ளியின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். கொடையும் படையும் ஒரே கடல்வழியில் சென்றன.

போலாரத்திலிருந்து ஒரே நாளில் சென்று மீளத்தக்க நாகார்சுனகொண்டாவும் ஒரு சான்று. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் அங்கே இக்குவாகு மன்னன் சாந்தமூலன் வேத வேள்விகள் இயற்றினான். அவன் உடன்பிறந்தாள் சாந்திசிரி புத்தருக்கு மகாசைத்தியம் சமைப்பித்தாள். ஒரே அரண்மனை இரு சமயங்களையும் பேணியது.

இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆனால் சாத்தனாரின் துலாக்கோல் வேறு. விகாரத்துக்கு வேந்தன் என்ன அளித்தான் என்று அவர் கேட்கவில்லை. சிறையிலிருப்பவனும் பசித்தவனும் என்ன பெற்றனர் என்று கேட்கின்றார். முடியாட்சி மறைந்துவிட்டது, அவ்வினா மறையவில்லை. பிழைப்பு நாடிப் பிறமண்ணில் வாழும் நாம் நம் மக்களுக்குச் சோழர் வெற்றிகளைச் சொல்லும்போது, இவ்வினாவையும் உடன் சொல்லிவைப்போமாக.