டார்கீடோ டிராவல் 1103: மோட்டார் பாஸ், பேட்டரி மேல் ஒரு கண்

டார்கீடோ டிராவல் 1103 மோட்டாரின் பேட்டரி 915 வாட் ஹவர். எடை சுமார் ஆறு கிலோ. அதில் அடங்கியிருக்கும் மின்சாரத்தைப் பெட்ரோலாக மாற்றிக் கணக்குப் போட்டால் 100 மில்லி வரும், அதாவது டீக்கடை டம்ளரில் ஒன்று. இதை வைத்துக்கொண்டு ஏரியில் ஒரு படகை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாம் என்றால் யாருக்கும் முதலில் நம்பிக்கை வராது. ஓட்டிப் பார்த்ததும் எனக்கு வந்துவிட்டது. ஆனால் இதை வாங்குகிறவர்கள் எல்லோரும் பேட்டரியை எப்படி வைத்துப் பார்த்துக்கொள்வது என்று தெரிந்துதான் வாங்குகிறார்களா என்பதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது. இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் பேட்டரிக்கே போனதற்கு அந்தச் சந்தேகம்தான் காரணம்.

ஓட்டிய இடம் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மியூனிக் நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் ஸ்டார்ன்பெர்க் ஏரி. சுமார் 20 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 127 மீட்டர். பவேரியாவின் மன்னர் இரண்டாம் லுட்விக் 1886இல் பிணமாக மீட்கப்பட்டது இந்த ஏரியிலிருந்துதான். இங்கே பெட்ரோல் இன்ஜின் வைத்த தனியார் படகுக்கு அனுமதி எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. விண்ணப்பித்தவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் காத்திருப்பார்கள். அதனால் கரையெங்கும் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மின்படகுகள். கிறிஸ்டோஃப் பாலினும் ஃப்ரீட்ரிஷ் போபெலும் சேர்ந்து டார்கீடோ நிறுவனத்தை 2005இல் தொடங்கியதும் இந்த ஏரிக்கரையில்தான். 2017இல் இன்ஜின் நிறுவனமான டாய்ட்ஸ் அதை வாங்கியது, 2024இல் அது யமஹாவின் கைக்குப் போனது. பவேரியாவுக்கு மின்படகு புதுசும் அல்ல. அல்ப்ஸ் அடிவாரத்துக் கோனிக்ஸே ஏரியில் சுற்றுலாப் படகுகள் 1909 முதலே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அன்றைக்கு ஈயம்-அமில பேட்டரி. பளு ஏராளம், தீப்பிடிக்கும் பயம் குறைவு. லித்தியம் வந்ததும் இரண்டும் தலைகீழாகிவிட்டன.

நான் ஓட்டியது நண்பர் ஒருவரின் சிறிய பாய்மரப் படகில் பொருத்தியிருந்த மோட்டார். சில வருடம் உழைத்த சரக்கு. புது மோட்டாரைவிட இப்படிப் பழகியதைப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது என் கட்சி. மூன்று பாகமாகப் பிரிகிறது: தண்ணீருக்குள் இறங்கும் தண்டு, அதன் தலையில் உட்காரும் பேட்டரி, கையில் பிடித்து ஓட்டும் டில்லர். தண்டைப் படகின் பின்பலகையில் இரண்டு திருகால் இறுக்கிவிட்டு, பேட்டரியைத் தலையில் சறுக்கி மாட்டி, ஆணியைச் செருகி, கேபிள்களைத் திருகினால் முடிந்தது. கயிறு இழுக்கிற வேலை கிடையாது, சோக் கிடையாது, கையில் எண்ணெய் ஒட்டாது. கேபிள் முனையைத் திருகும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. ரப்பர் வளையத்தில் மணல் துகள் ஒன்று இருந்தாலும் மூடி சரியாக உட்காராது. அங்கேதான் பிறகு ஈரம் புகும்.

சாவிக்குப் பதில் ஒரு காந்தத் துண்டு. டில்லரின் மேல் வைத்தால் மோட்டார் உயிர் பெறும், எடுத்தால் அந்த நொடியே நிற்கும். அதில் ஒரு வார் இருக்கிறது. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், ஆள் தவறித் தண்ணீரில் விழுந்தாலும் புரொப்பல்லர் சுற்றாது. பலர் இந்த வாரைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். பெட்ரோல் இன்ஜின் ஓடினால் காது சொல்லிவிடும். இது ஓடுகிறதா நிற்கிறதா என்பதே பக்கத்தில் நீந்துகிறவருக்குத் தெரியாது. அதனால் வார் இங்கே இன்னும் அவசியம்.

டில்லரில் ஒரு சின்னத் திரை. சார்ஜ் எத்தனை சதவீதம், இந்த நொடி எத்தனை வாட் இழுக்கிறது, படகின் வேகம் என்ன, இதே கதியில் போனால் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று நான்கையும் காட்டும். வேகத்துக்காக பேட்டரிக்குள்ளேயே ஜி.பி.எஸ். இருக்கிறது. கடைசி எண்தான் இந்த மோட்டாரின் உயிர்நாடி. 250 வாட் அளவில் வைத்திருந்தபோது படகு மணிக்கு ஐந்து கிலோமீட்டரைத் தாண்டிப் போனது; அந்தக் கணக்கில் பேட்டரி மூன்றரை மணி நேரம் தாங்கும். முறுக்கி முழுசாக 1100 வாட்டுக்குக் கொண்டுபோனால் ஒன்பது கிலோமீட்டர் வேகம். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, செலவு நான்கு மடங்குக்கு மேல். ஐம்பதே நிமிடத்தில் பேட்டரி காலி. தண்ணீரில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே சக்திச் செலவு பல மடங்கு ஏறும், சிறிய படகுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக வரம்பும் உண்டு. அதற்கு மேல் மோட்டார் தள்ளுவது தண்ணீரை மட்டும்தான். பெட்ரோலில் இந்த விரயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே திரை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது.

பேட்டரியிலிருந்து எடுக்கும் 1100 வாட்டில் படகைத் தள்ளும் சக்தியாக வெளியே வருவது பாதிக்குச் சற்றே குறைவு என்பது நிறுவனத்தின் கணக்கு. சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஒரு டம்ளர் பெட்ரோல் கணக்கு இங்கே செல்லுபடியாவது அதனால்தான். சத்தம், மெதுவாகப் போகும்போது அலை படகில் மோதும் ஓசையைவிடக் குறைவு. முழு வேகத்தில் ரீங்காரம் கேட்கிறது. பேச்சை நிறுத்த வேண்டிய அளவுக்கு இல்லை.

காற்று மாறியதும் கதை மாறியது. ஏரியின் ஒரே தீவான ரோசென் தீவுப் பக்கம் போகும்போது முதுகுக்குப் பின்னால் காற்று. திரும்பியதும் எதிர்க்காற்று. வாட் அளவைத் தொடாமலே திரையில் தூரக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. வேகம் குறைந்தால், அதே மின்சாரத்துக்குப் போகிற தூரமும் குறையும்தானே. அல்ப்ஸிலிருந்து இறங்கும் காற்று இந்த ஏரியில் சொல்லாமல் வரும். அதற்காகவே கரையைச் சுற்றி ஆரஞ்சு விளக்குகள் வைத்திருக்கிறார்கள்: நிமிடத்துக்கு 40 முறை மினுக்கினால் பலத்த காற்று வரலாம் என்று பொருள், 90 முறை என்றால் புயல், உடனே கரையேற வேண்டும். மின்மோட்டாரோடு போகிறவர் இந்த விளக்கையும் திரையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். போகும்போது சார்ஜில் மூன்றில் ஒரு பங்கு, வரும்போது மூன்றில் ஒரு பங்கு, மீதி கையிருப்பு என்று வைத்துக்கொண்டால் போதும்.

இனி பேட்டரி. லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்கிற காவல்காரன் ஒருவன் உண்டு. செல்லின் மின்னழுத்தம், வெப்பம், மின்னோட்டம் எதுவாவது எல்லை மீறினால் பட்டென்று இணைப்பை அறுத்துவிடுவான். ரோட்டில் ஸ்கூட்டர் இப்படி நின்றால் ஓரமாகத் தள்ளிப் போகலாம். படகில் அதுவே பாறைக்குப் பக்கத்திலோ பெரிய கப்பலின் வழியிலோ நடந்தால்? பேட்டரி பிழைத்துக்கொள்ளும், நாம்தான் மாட்டிக்கொள்வோம். அமெரிக்கப் படகுத் துறையின் தர அமைப்பான ஏ.பி.ஒய்.சி., லித்தியம் பேட்டரிக்கென்று 2022இல் கொண்டுவந்த ஈ-13 தரக்குறிப்பு இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது: இணைப்பை அறுப்பதற்கு முன்னால் படகோட்டிக்கு ஒலியாலோ ஒளியாலோ எச்சரிக்கை போக வேண்டும். டிராவலில் சார்ஜ் இறங்க இறங்க பீப் அடிக்கிறது, திரையும் சொல்கிறது. விலை மலிவான பல பேட்டரிகளில் இது கிடையாது; ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று இருட்டிவிடும். எல்.எஃப்.பி. என்கிற லித்தியம் வகை பேட்டரியில் மின்னழுத்தம் கடைசி வரை சமமாகவே இருப்பதால் வோல்ட் மீட்டரைப் பார்த்தும் மீதியை ஊகிக்க முடியாது. எதை வாங்கினாலும் இந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். துடுப்பையும் கரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

டிராவலின் பேட்டரி ஐ.பி.67 தரம்: ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தண்ணீர் புகக் கூடாது. கை தவறி விழுந்தால் மிதக்கவும் செய்யும். மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் பேட்டரி தண்ணீரில் விழும் என்பதால் இது நல்ல யோசனை. ஆனால் இந்தத் தரம் புதுப் பெட்டிக்குத் தந்த சான்று. உறையில் விரிசல் விட்ட பிறகு அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். 2021 மார்ச்சில் நார்வேயின் ஓஸ்லோ கடற்கழியில் பிரிம் என்ற கலப்பின மின்சுற்றுலாப் படகு பேட்டரி அறையில் தீப்பிடித்தது. ஏறியிருந்த நால்வரும் தப்பினார்கள். பேட்டரி அறைக்குள் கடல்நீர் புகுந்ததே காரணமாக இருக்க வேண்டும் என்றது விசாரணை. 2022இல் இயன் சூறாவளியின்போது ஃப்ளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள், வெள்ளம் வடிந்த பிறகு எரிந்தன. நனைந்த பேட்டரி வெளியே காய்ந்துவிட்டது என்பதற்காக உள்ளே சரியாக இருக்கிறது என்று நம்பி சார்ஜில் போட்டுவிடக் கூடாது.

லித்தியம் என்ற ஒரே பெயருக்குள் பல சாதிகள். எடையைக் குறைக்க விரும்புகிறவர்கள் எடுப்பது என்.எம்.சி.; கிலோவுக்கு அதிக மின்சாரம், ஆனால் வம்பு செய்தால் சீக்கிரம் சூடேறும். எல்.எஃப்.பி. கனமானது, நிதானமானது. அதற்கும் மேலே பாதுகாப்பு என்றால் எல்.டி.ஓ.; கனமும் விலையும் எக்கச்சக்கம். 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளுக்கு எல்.டி.ஓ.வைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நூறு பேரை ஏற்றும் படகுக்கு அந்தத் தேர்வு நியாயம். கையில் தூக்கிப் போகும் மோட்டாருக்கு அது ஒத்துவராது. எந்தச் சாதியானாலும் ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகலாம். ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃப்ளோரைடு எல்லாம் புகையாகக் கிளம்பும். சாதாரணப் பொடித் தீயணைப்பான் மேல் சுவாலையை அடக்கலாம், உள்ளே இருக்கும் சூட்டைத் தணிக்காது. அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். திறந்த சிறிய படகில் புகை கிளம்பினால் பேட்டரியைத் தூக்கி வீரம் காட்ட வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டோடு படகைவிட்டு விலகுவதுதான் சரி.

ஓட்டும்போது மட்டுமல்ல, சார்ஜ் போடும்போதும் ஆபத்து உண்டு. 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புச் சுற்றுலாக் கப்பல் இரவில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீ எதில் பிடித்தது என்று விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஃபோன், கேமரா, விளக்கு என்று பயணிகளின் பேட்டரிகள் பிரதான தளக் கூடத்தில் சார்ஜில் கிடந்தன, கீழே பயணிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு ஆளில்லாமல் லித்தியம் பேட்டரிகளைச் சார்ஜில் போடுவதைக் கட்டுப்படுத்தும்படி அமெரிக்கக் கடலோரக் காவல்படை கப்பல்காரர்களுக்கு அறிவுறுத்தியது. டிராவலோடு வரும் சார்ஜர் 90 வாட். காலியான பேட்டரி நிரம்ப பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படிச் செய்வதானால் படகின் கேபினிலோ வீட்டு வாசலை மறிக்கும் இடத்திலோ வேண்டாம். வெறும் தரையில், எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில், புகை அறிவிப்பான் கேட்கும் தூரத்தில் வையுங்கள். பவேரியாவின் குளிரில் இன்னொன்று: பூஜ்ஜியத்துக்குக் கீழே உறைந்த லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, பின்னால் ஷார்ட் ஆகலாம். நண்பர் குளிர்காலம் முழுக்க அதைப் பாதி சார்ஜில், உறையாத அறையில் வைக்கிறார். நம் ஊர் வெயிலில் படகிலேயே விட்டுவைப்பதும் அதே அளவு தப்புதான்.

பழைய மின்ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்து, செல்களை வெல்டு வைத்து, படகு மோட்டாருக்குக் கொடுக்கும் வீடியோக்கள் இப்போது ஏராளம். பாதி விலையில் முடிகிறது என்பது உண்மைதான். வயதில் ஒத்துப்போகாத செல்கள், ஈரம் தடுக்காத பெட்டி, சம்பந்தமில்லாத சார்ஜர், இவை மூன்றும் சேர்ந்தது படகில் வைக்கிற பொருள் இல்லை.

விலை இரண்டாயிரம் யூரோவுக்கு மேல், நம் கணக்கில் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதில் பேட்டரியின் பங்கு கணிசம். இதைவிடப் பெரிய பேட்டரியோடு டார்கீடோவிலேயே புது வரிசை வந்துவிட்டது. போட்டிக்கு ஈபுரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 பிளஸ் 1276 வாட் ஹவர் பேட்டரியோடு நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். பயணியோடு விமானத்தில் போகும் பேட்டரிக்கு 160 வாட் ஹவர்தான் உச்சவரம்பு.

ஏரி, காயல், துறைமுகத்துக்குள் நங்கூரமிட்ட படகுக்கும் கரைக்கும் நடுவே போய்வருவது, இவற்றுக்கு இந்த மோட்டாரைத் தயங்காமல் வாங்கலாம். திறந்த கடலுக்கும், இழுப்பு வேகமான ஆற்றுக்கும், மணிக்கணக்கில் தூண்டில் போட்டுத் தொலைதூரம் திரும்ப வேண்டியவர்களுக்கும் இது போதாது. பழையது வாங்குகிறவர்கள் மோட்டாரைவிட முதலில் பேட்டரியைக் கையில் எடுங்கள்: தயாரித்த வருடம், உறையில் கீறல், கேபிள் முனையில் பச்சைப் படிவு. இவற்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் தண்டை மட்டும் விலை பேசி வாங்கிவிட்டு, பேட்டரியைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.